46 வயதில் சிட்-அப் செய்து நாரி நோ கூடிவிட்டது. வயிறு, நாரித் தசைகளைப் பலப்படுத்த எங்கிருந்து தொடங்குவது? யாழ்ப்பாணத்தில் ஜிம்முக்குப் போகத்தான் வேண்டுமா?

முதல் வேலையாக சிட்-அப்பை விடுங்கள். ஒருமுறை எழும்பும்போது கீழ் முள்ளந்தண்டில் விழும் அழுத்தம் சுமார் 3,300 நியூட்டன், அதாவது 300 கிலோவுக்கு மேற்பட்ட பாரம். நாள் முழுக்கக் கதிரையில் மடங்கியே இருக்கும் முதுகை, பின்னேரம் வந்து இன்னும் மடக்கினால் நோ கூடாமல் என்ன செய்யும்? நடுவுடல் தசைகளின் பிரதான வேலை மடக்குவது இல்லை. கையும் காலும் அசையும்போது முள்ளந்தண்டை அசையவிடாமல் பிடித்து வைப்பது. பயிற்சியும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முள்ளந்தண்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மக்கில் பரிந்துரைத்த மூன்று பயிற்சிகள் ஆரம்பிப்பவருக்குத் தாராளம். ஜிம் தேவையில்லை. சீமெந்து நிலத்தில் ஒரு பாய், முழங்கைக்குக் கீழே மடித்துப் போட ஒரு துவாய் போதும். கட்டில் மெத்தையில் செய்யாதீர்கள், உடம்பு அமிழ்ந்துவிடும்.

அதற்கு முன் இறுக்கிப் பிடிக்கப் பழக வேண்டும். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடியுங்கள். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து இரண்டு விரல் உள்ளே விரல் நுனிகளை வைத்து, மெதுவாக இருமிப் பாருங்கள். விரலுக்குக் கீழே இறுகுவதுதான் நமக்கு வேண்டியது. இருமாமலே அந்த இறுக்கத்தைக் கொண்டு வாருங்கள், முழுப் பலத்தில் கால்வாசி போதும். அப்படியே பிடித்துக்கொண்டு யாரோடாவது கதைக்க முடிந்தால் சரி. முடியாவிட்டால் மூச்சைப் பிடிக்கிறீர்கள். பிரஷருக்குக் குளிசை எடுப்பவர்களுக்கு இது முக்கியம்: மூச்சைப் பிடித்து முக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

முதலாவது, தலை உயர்த்தல். ஒரு முழங்காலை மடித்து மற்றக் காலை நீட்டுங்கள். நாரிக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியில் இரண்டு கைகளையும் வைத்து, தலையும் தோளும் நிலத்தை விட்டதோ விடவில்லையோ என்ற அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். கையை நாரி நசித்தால் முதுகை மடக்குகிறீர்கள் என்று அர்த்தம். நாடியை நெஞ்சுக்கு இழுத்தால் கழுத்துத்தான் நோகும்.

இரண்டாவது, பக்கவாட்டுப் பாலம். முழங்கை தோளுக்கு நேர் கீழே, முழங்கால்கள் மடித்தபடி, இடுப்பை உயர்த்துங்கள். முழங்கை தள்ளிப் போனால் பாரம் முழுக்கத் தோள்மூட்டில் இறங்கும். தோள் ஏற்கெனவே நோகிறவர்கள் சுவரில் முன்னங்கையை ஊன்றி நின்றே செய்யலாம்.

மூன்றாவதில்தான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நாலு காலில் நின்று வலக்கையை முன்னுக்கும் இடக்காலைப் பின்னுக்கும் நீட்ட வேண்டும், பிறகு மற்றப் பக்கம். காலை உயரத் தூக்கத் தூக்க நல்லது என்று நினைத்தால் நாரி குழிந்து, நோ அங்கேயே வரும். குதிக்கால் இடுப்பின் மட்டத்தைத் தாண்டக் கூடாது. நாரியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கோப்பையில் அரைவாசி தண்ணீர் வையுங்கள். காலை நீட்டும்போது இடுப்பு ஒரு பக்கம் சரிந்தால் தண்ணீர் காட்டிக் கொடுக்கும். சரிகிறதென்றால் கையை ஊன்றியபடியே காலை மட்டும் நீட்டிப் பழகுங்கள்.

எல்லாவற்றிலும் ஒரு பிடி 10 செக்கன், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் முதலில் 6 தடவை, அரை நிமிடம் ஆறி 4, பிறகு 2. களைக்கக் களைக்க எண்ணிக்கை குறைவதால் கடைசிப் பிடியும் ஒழுங்காக வரும். இரண்டு கிழமையில் சுலபமானால் 8, 6, 4 என்று கூட்டுங்கள், செக்கனைக் கூட்டாதீர்கள். முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராக வைத்திருக்கும் பிளாங்க்கை இரண்டு நிமிடம் பிடிக்கும் போட்டியெல்லாம் வீடியோவுக்குத்தான் நல்லது.

நேரமும் முக்கியம். இரவு படுத்திருக்கும்போது முள்ளந்தண்டின் இடைத்தட்டுகள் நீரை உறிஞ்சி ஊதியிருக்கும், அப்போது குனிந்தால் அழுத்தம் அதிகம். எழும்பி ஒரு மணித்தியாலமாவது போகட்டும். பயிற்சிக்கு மட்டுமில்லை, விடிய எழும்பின கையோடு குனிந்து முற்றம் கூட்டுவதற்கும் இது பொருந்தும். விளக்குமாற்றுக்கு நீளத் தடி கட்டுங்கள். கட்டிலால் எழும்பும்போது நல்லூரில் அங்கப் பிரதட்டை செய்பவர்கள் உருளுவதுபோல, தோளும் இடுப்பும் ஒன்றாகப் பக்கம் திரும்பி, கையை ஊன்றி எழும்புங்கள்.

ஆறு கிழமைக்குப் பிறகு, நோ இல்லையென்றால், வாளி. ஒரு கையில் மட்டும் 5 லீட்டர் தண்ணீரோடு, அதாவது 5 கிலோவோடு, கிணற்றடியிலிருந்து இருபது அடி வைத்து நடந்து, கையை மாற்றித் திரும்புங்கள். உடம்பு எந்தப் பக்கமும் சாயக் கூடாது. பிறகு மெல்ல மெல்ல 10 லீட்டருக்குப் போகலாம்.

வண்டி (தொப்பை) இதனால் கரையாது. அதற்குச் சோற்றையும் புட்டையும் குறைத்து நடக்கத்தான் வேண்டும்.

பிள்ளை பெற்ற பெண்கள் தலையை உயர்த்தும்போது தொப்புளுக்கு மேலே நடுவில் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தாலோ, வயிறு வரம்புபோலப் புடைத்தாலோ, முதலாவது பயிற்சியை விட்டுவிட்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். குடலிறக்கம், எலும்புத் தேய்வு உள்ளவர்களும் அப்படியே. நோ முழங்காலுக்குக் கீழே இறங்கினால் முதலில் வைத்தியர், பிறகுதான் பயிற்சி. தொடை இடுக்கு உணர்ச்சியில்லாமல் விறைத்தாலோ, சலம் போவதில் திடீர்ச் சிக்கல் வந்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் சோர்ந்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள், ஒரு நாள் கூடப் பொறுக்க வேண்டாம்.

ஜிம்முக்குப் போவதென்றால் இரண்டு மாதம் கழித்துப் போங்கள். முதல் நாளே வயிற்றுக்கு என்று சிட்-அப் தந்தால், வேண்டாம், வேறு தாருங்கள் என்று கேளுங்கள்.