அப்பாவின் குரலில் ஒரு கலைப்படைப்பு: அண்ணன் தடுக்க முடியுமா?

கேள்வி: நான் டிஜிட்டல் ஓவியம், அனிமேஷன் செய்கிறவள். அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. அவர் எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள், அவருடைய டைரிகள், பழைய ஸ்டூடியோ படங்கள் எல்லாவற்றையும் வைத்து நினைவு, மறதி பற்றி ஒரு வீடியோ படைப்பு செய்துகொண்டிருக்கிறேன். ஏஐ மூலம் அவர் குரலிலேயே டைரியை வாசிக்க வைத்து, முடிவில் அவர் என்னோடு பேசுவது போலவும் செய்ய யோசனை. ஒரு கேலரி காட்சிக்குக் கேட்கிறது. அம்மாவுக்குச் சம்மதம். அண்ணனோ, "கொள்ளி வைத்தவன் நான், அப்பா விஷயத்தில் எனக்குத்தான் உரிமை, மீறினால் கோர்ட்டுக்குப் போவேன்" என்கிறார். அவரால் முடியுமா?

பதில்: சகோதரி, கொள்ளி வைத்தவருக்குச் சட்டத்தில் தனி உரிமை எதுவும் கிடையாது. அதற்காக அண்ணனால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொல்ல மாட்டேன். முகம், குரல் என்று நீங்கள் பயப்படுகிற இடத்தில் அவர் பக்கம் பலம் குறைவு. நீங்கள் யோசிக்காமல் விட்ட டைரியில்தான் அவர் கை ஓங்கியிருக்கிறது.

முகமும் குரலும் முதலில். ஜெயலலிதாவின் வாழ்க்கைப் படத்தை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தீபா போட்ட வழக்கில், ஒருவருடைய அந்தரங்க உரிமை அவர் மறைவோடு முடிந்துவிடும், சொத்து போல வாரிசுகளுக்கு இறங்காது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது. மறைந்த இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் தந்தை தொடர்ந்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும் 2023-ல் அதே வழியில்தான் போனது. ஆகவே "அப்பாவின் அந்தரங்கம்" என்று சொல்லி அண்ணன் தடை வாங்குவது கடினம்.

ஆனால் உயிரோடிருக்கிற அண்ணனுக்குத் தன் சொந்த அந்தரங்கம் உண்டு. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாறு தொடர்பாக நக்கீரன் பத்திரிகை தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-லேயே குடும்பம், திருமணம் போன்றவை அந்தரங்க உரிமைக்குள் வரும் என்று தெளிவாக்கிவிட்டது. அப்பா ஏதோ ஒரு பதிவில் அண்ணனுடைய கடனையோ கல்யாணச் சிக்கலையோ பேசியிருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள், கலைக்கு அது எவ்வளவு தேவைப்பட்டாலும் சரி. இன்னொன்று, இறந்தவரைப் பற்றிய அவதூறும் குற்றமாகலாம். குடும்பத்தார் மனதைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 356-வது பிரிவு அதைப் பிடிக்கும். உங்களுக்கு அந்த நோக்கம் இல்லை, அதனால் இதைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

இப்போது டைரி. அதை எழுதியவர் அப்பா, பதிப்புரிமையும் அவருடையது. அவர் உயில் எழுதாமல் போயிருந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது அம்மா, அண்ணன், நீங்கள் மூன்று பேருக்கும் சமமாக இறங்குகிறது (அப்பாவைப் பெற்ற பாட்டி அப்போது இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு). டைரி உங்கள் பீரோவில் இருப்பதால் அதன் பதிப்புரிமை உங்களுடையதாகிவிடாது. குரல் பதிவுகளும் அப்படியே: உங்களுக்கு அனுப்பினார் என்பது உண்மைதான், ஆனால் பதிவு செய்தவர் அவர். கூட்டு உரிமையாளர் ஒருவர் மற்றவர் சம்மதமில்லாமல் உரிமம் கொடுக்க முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2008-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. நீங்கள் கேலரிக்குக் கொடுக்கப்போவதும் ஒரு உரிமம்தான். அம்மாவும் நீங்களும் சேர்ந்தாலும் மூன்றில் இரண்டு பங்குதானே, இதற்கு மெஜாரிட்டி கணக்கு கிடையாது.

உயில் இருக்கிறதா என்று ஒரு தடவை நன்றாகத் தேடுங்கள். அதில் டைரிகளை உங்களுக்கு என்று எழுதியிருந்தால், வேறு மாதிரி சொல்லாத வரை, வெளியாகாத அந்த எழுத்தின் பதிப்புரிமையும் உங்களுக்கே என்று பதிப்புரிமைச் சட்டம் 20-வது பிரிவு எடுத்துக்கொள்ளும்.

ஸ்டூடியோ படங்களில் பெரிய சிக்கல் இல்லை. காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர். கல்யாணப் படத்துக்குத் தாத்தா பணம் கொடுத்திருந்தால் வாரிசுக் கணக்கு அவரிடமிருந்து தொடங்கும். நீங்களே எடுத்த படங்கள் உங்களுடையவை, அவற்றை யாரும் கேட்க முடியாது.

ஏஐ குரல் பற்றி. 2024-ல் ஏ.ஆர்.ரஹ்மான் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஒரு பாட்டில் பயன்படுத்தியபோது குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்ததாகச் சொன்னார். அந்த வழக்கம் நல்லது, நீங்களும் பின்பற்றுங்கள். அப்பா டைரியில் எழுதியதை அவர் குரலில் வாசிக்க வைப்பது வேறு, அவர் சொல்லவே சொல்லாததை அவர் வாயில் வைப்பது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள் என்பது என் கருத்து, சட்டம் இப்படிச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மா அதை நாளைக்கு எப்படித் தாங்குவார் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். எப்படியும் படைப்பின் ஆரம்பத்திலேயே "இது கணினி உருவாக்கிய குரல்" என்று தெளிவாகப் போடுங்கள்.

அண்ணனிடம் சண்டையாகப் போகாமல், பயன்படுத்தப்போகிற டைரிப் பக்கங்களையும் பதிவுகளையும் மட்டும் பட்டியல் போட்டு, ஒரு பக்கச் சம்மதக் கடிதம் எழுதி, படைப்பை முழுசாகப் போட்டுக் காட்டுங்கள். அவருக்கும் அப்பாதான் போனார். வேண்டாம் என்கிற பக்கத்தை நீக்க ஒத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மறுத்தால் டைரியையும் பதிவுகளையும் விட்டுவிட்டு, நீங்கள் எடுத்த படங்கள், உங்கள் நினைவு, உங்கள் குரல் இவற்றை வைத்துச் செய்யலாம்.

அப்படிச் செய்தும் வழக்குப் போடுவார் என்று தோன்றினால் அவர் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் கேவியட் மனு போட்டுவையுங்கள். உங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடை வராமல் இருக்க அது உதவும், 90 நாள் செல்லும், நகலை அண்ணனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். கேலரி ஒப்பந்தத்தில் "எல்லா உரிமையும் என்னுடையதே, வழக்கு வந்தால் நஷ்டம் என் பொறுப்பு" என்கிற மாதிரி ஒரு ஷரத்து இருக்க வாய்ப்பு அதிகம். டைரி படைப்பில் இருக்கும்வரை, அண்ணன் கையெழுத்து வராமல் அதில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம்.