வீட்டு வரி கட்டாத எங்களுக்கும் மும்பை மாநகராட்சி எப்படிச் செலவு செய்கிறது?

தாராவியில் 300 சதுர அடி வீட்டில் இருக்கிறோம், சொத்து வரி பில்லே வருவதில்லை, அப்புறம் குப்பை அள்ளவும் சயான் ஆஸ்பத்திரி நடத்தவும் காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

500 சதுர அடி வரையுள்ள குடியிருப்புகளுக்கு 2022 ஜனவரி முதல் சொத்து வரி கிடையாது. ஆனால் வரியே கட்டாதவர் என்று உங்களை யாரும் சொல்ல முடியாது. முன்பு நகர எல்லையில் முலுண்ட், தஹிசர் நாக்காக்களில், அதாவது சோதனைச் சாவடிகளில், லாரிகள் வரிசை கட்டி நிற்குமே, நினைவிருக்கிறதா? ஊருக்குள் வரும் சரக்குக்கு மாநகராட்சி வசூலித்த ஆக்ட்ராய் அது. அப்போது மாநகராட்சியின் பெரிய வருமானமே அதுதான். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததும் நாக்கா வசூல் நின்றது. அதற்கு ஈடாக மாநில அரசு இழப்பீடு தருகிறது, ஆண்டுக்கு 8 சதவீதம் கூட்டி. நீங்கள் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் இருக்கும் வரி, மாநில கஜானா வழியாகச் சுற்றி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைகள், அலுவலகங்கள், பெரிய வீடுகள் கட்டும் சொத்து வரி தனி. கூடுதல் மாடி கட்ட பில்டர்கள் செலுத்தும் பிரீமியமும் பெரிய தொகை. ரியல் எஸ்டேட் படுத்தால் இதுவும் படுத்துவிடும், அதுதான் இதில் எனக்குப் பிடிக்காத விஷயம். தண்ணீருக்குத் தனிக் கட்டணம். ஏழு ஏரிகளிலிருந்து கொண்டுவருகிறார்கள், அதில் பாத்சா, தான்சா எல்லாம் நகர எல்லைக்கு வெளியே தானே மாவட்டத்தில்.

2025-26 பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். சில மாநில பட்ஜெட்டுகளே இதைவிடச் சின்னவை. சரி, அப்படியும் உங்கள் சந்தில் சாக்கடை ஏன் வழிகிறது என்றால், அந்தக் கணக்கைக் கேட்க வேண்டிய இடம் தாதரில் இருக்கும் ஜி-வடக்கு வார்டு அலுவலகம்.