சுரங்கத்தில் கார் ஓட்டினால் நகர நெரிசல் தீருமா?

ஈலான் மஸ்க்கின் போரிங் கம்பெனி தோண்டும் சுரங்கங்கள் மெட்ரோவுக்கு மாற்றாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது என்பதே என் கருத்து.

அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. சுரங்கத்தின் விட்டம் குறைந்தால் அள்ள வேண்டிய மண் குறையும், செலவும் இறங்கும். அதனால்தான் 12 அடி விட்டத்தில் தோண்டுகிறார்கள். லாஸ் வேகாஸ் மாநாட்டு மையத்தில் 2021இல் திறந்த சுரங்கப்பாதைக்குச் சுமார் 5 கோடி டாலர்தான் ஆனது. மலிவுதான், மறுக்கவில்லை.

சரி, எத்தனை பேர் போகலாம்? அங்கே ஓடுவது ரயில் இல்லை, ஓட்டுநரோடு டெஸ்லா கார்கள். மணிக்கு 4,400 பேர் என்பது இலக்கு. காருக்கு நான்கு பேர் என்றால் ஏறத்தாழ 3 நொடிக்கு ஒரு கார் கிளம்ப வேண்டும். கூட்ட நேரத்தில் இதே எண்ணிக்கையை நாலைந்து மெட்ரோ ரயில்கள் ஏற்றிக்கொண்டு போய்விடும். வேகமும் சொன்னபடி இல்லை: பேச்சு மணிக்கு 240 கிலோமீட்டர், ஓடுவது 60 சொச்சம். உண்மையில் நெரிசல் சுரங்கத்துக்குள் அல்ல, ஏறி இறங்கும் இடத்தில்தான் உருவாகிறது. அதற்கு வேகம் மருந்தில்லை.

சிகாகோ விமான நிலையத்துக்கு 2018இல் அறிவித்த சுரங்கம், மேயர் மாறியதும் நின்றுபோனது. லாஸ் ஏஞ்சல்ஸில் சுற்றுச்சூழல் ஆய்வைத் தவிர்க்கப் பார்த்தபோது குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது. குடியிருப்பாளர்கள் செய்தது சரி. காலடியில் தோண்டும்போது கேள்வி கேட்க அங்கே குடியிருப்பவர்களுக்கு முழு உரிமை உண்டு.