எட்டடிக்கு ஒரு விசாரணை

கோத்தகிரித் தம்பிக்கு,

நியூ ஜெர்சியில் வீடு வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் மனையில் எங்கே, என்ன கட்டலாம் என்று பார்க்கிற ஜோனிங் ஆபீசிலிருந்து மறுப்புக் கடிதம் வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவுக்காகக் கீழ்த்தளத்தில் ஓர் அறை. பின் எல்லையில் 30 அடி விட வேண்டும், 22 அடிதான் மிஞ்சுகிறது. வேரியன்ஸ், அதாவது விதியிலிருந்து விலக்கு, கேட்டு மனுப் போட்டு, அம்மாவின் முட்டிவலிக்கு டாக்டர் சர்டிபிகேட் வைத்தால் கிடைக்குமா என்பது உங்கள் கேள்வி.

அந்த சர்டிபிகேட்டால் கிடைக்காது. (ஊனமுற்றோருக்கு ஃபெடரல் சட்டத்தில் தனி வழி உண்டு. அம்மாவின் நிலை அந்த அளவுக்கு என்றால் வக்கீலைக் கேளுங்கள்.) மனுவை விசாரிக்கிற டவுன் போர்டு பார்ப்பது மனையை. ஒடுங்கிய மனையா, ஆழம் குறைவா, சரிவா என்று நிலத்திலேயே இருக்கிற ஏதோ ஒன்றால் விதிப்படி கட்ட முடியவில்லை என்று காட்ட வேண்டும். அந்த மாநிலத்தின் 1975-ம் வருஷத்து நிலப் பயன்பாட்டுச் சட்டத்தில் கஷ்டம் என்றால் இதுதான். நம் ஊரில் மனு என்றாலே வீட்டுக் கஷ்டத்தை முதல் வரியில் கொட்டிவிடுவோம். நானும் கொட்டினேன்.

எங்கள் டவுனில் மாமியாருக்கு ஓர் அறை கட்ட நானும் இதே மாதிரி மனுப் போட்டேன். விசாரணையில் சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு, அவரது மூச்சுத்திணறலில் ஆரம்பித்து ஐந்து நிமிஷம் பேசினேன். போர்டு தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவர் காலத்துக்குப் பிறகும் அறை அங்கேதானே இருக்கும்?" என்றார். சுருக்கென்றது. ஆனால் கேள்வி நியாயமானது. அனுமதி ஆளுக்கில்லை, நிலத்துக்கு. வீட்டை விற்றாலும் அதனோடு போகும். அடுத்துப் பின்வீட்டுப் பாட்டி எழுந்து, "கூரைத் தண்ணீர் எங்கே போகும்?" என்று கேட்டார். குன்னூர்க்காரன் நான், என்னிடம் பதில் இல்லை. விசாரணையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

இதை எழுதுவது குன்னூரில், அக்கா வீட்டில். ஜன்னலுக்கு நாலடி தள்ளி, மேல்வீட்டைத் தாங்குகிற தடுப்புச் சுவர். கருங்கல், பாசி, இடையிடையே பிவிசி குழாய்த் துண்டுகள். ஐப்பசி மழை விட்டு இரண்டு நாளாகியும் மூன்றாவது குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருக்கிறது. அக்கா அதற்குக் கீழே வாளி வைத்திருக்கிறாள். குழாய் அடைத்தால் சுவர் வயிறு தள்ளும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைப் பார்த்து வளர்ந்தவன் அமெரிக்காவில் தண்ணீரை மறந்துபோய் நின்றேன்.

அடுத்த மாதம் ஓர் இன்ஜினியரை அழைத்துப்போனேன். சரிவு மட்டங்கள் குறித்த சர்வே, நாலு புகைப்படம், கூரைத் தண்ணீரை இறக்க ஒரு ஜல்லிக்குழியின் வரைபடம். மாமியார் பேச்சே எடுக்கவில்லை. கிடைத்தது, கேட்டதில் இரண்டடி குறைத்துக்கொண்டு.

விசாரணை நோட்டீஸ் விஷயத்தில் கவனம். 200 அடிக்குள் இருக்கும் மனைக்காரர்கள் எல்லோருக்கும், விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாக, சர்டிஃபைடு மெயிலில் அனுப்பவோ நேரில் கொடுக்கவோ வேண்டும். பொது அறிவிப்பும் வெளியிட வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனாலும் அன்றைக்கு விசாரணை நடக்காமல் போகலாம். முகவரிப் பட்டியலை டவுனிலேயே கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், நம் ஊர் நினைப்பில் போர்டு உறுப்பினர் வீட்டுக்கு வர்க்கிப் பொட்டலத்தோடு போய்விடாதீர்கள், வினையாகிவிடும். அதைப் பின்வீட்டுக்குக் கொண்டுபோய், பிளானை விரித்துக் காட்டுங்கள். எதிர்ப்பு என்ன என்பது விசாரணைக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

விதியே தப்பு என்று மட்டும் வாதாட வேண்டாம். நீலகிரியில் 7 மீட்டருக்கு மேல் ஏன் எழுப்ப விடுவதில்லை என்று நமக்குத் தெரியும். அந்த 30 அடிக்கும் காற்று, வெளிச்சம், தீ என்று காரணம் இருக்கிறது. "வேறு பக்கம் ஏன் கட்டக் கூடாது?" என்று கட்டாயம் கேட்பார்கள். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருந்தீர்களே, இடப்பக்கம் ஓடையை நோக்கிச் சரிகிறது என்று. உங்கள் மனுவின் முதல் வரி அதுதான்.

அனுமதி கிடைத்த மறுநாளே கடப்பாரையைத் தூக்காதீர்கள். முடிவு பொது அறிவிப்பாக வந்த நாளிலிருந்து 45 நாள் வரை பக்கத்து வீட்டார் கோர்ட்டுக்குப் போகலாம்.

சர்வே பிரதியை அனுப்புங்கள். மாசக் கடைசி வரை குன்னூரில்தான் இருப்பேன்.