கணக்கில் மேதை இல்லை, இயற்பியலாளர் ஆகலாமா?

கேள்வி: பள்ளி இறுதியாண்டில் படிக்கிறேன். இயற்பியல் என்றால் எனக்கு உயிர். ஆனால் கணக்கு மெதுவாகத்தான் வரும். நான் இயற்பியலாளர் ஆக முடியுமா? அவர்கள் நாள் முழுக்க என்னதான் செய்வார்கள்?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அவர்களுடைய நேரத்தில் பெரும்பகுதி, தங்கள் முடிவில் எங்கே தப்பு என்று தேடுவதிலேயே போகும். 2011-ல் இத்தாலியில் ஓபெரா என்ற குழு, நியூட்ரினோ துகள்கள் ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வருவதாக அளந்தது. ஒளியை எதுவும் முந்த முடியாது என்பதால் அவர்களுக்கே நம்பிக்கை வரவில்லை. மாதக்கணக்கில் குடைந்தார்கள். கடைசியில் பிடிபட்ட முக்கியக் காரணம், சரியாகப் பொருந்தாத ஓர் ஒளியிழை கேபிள்! இந்தத் துருவல் உங்களுக்குப் பிடிக்குமா என்பதுதான் மார்க்கைவிட முக்கியம்.

சோதித்துப் பாருங்கள். ஒரு மீட்டர் நூலில் சிறு எடை கட்டித் தொங்கவிட்டு, லேசாக ஆட்டுங்கள். ஒரு முழு அலைவுக்கு இரண்டு நொடி ஆகும். இந்த நேரத்தையும் நூலின் நீளத்தையும் வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடலாம். கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 நொடி பிசகினால் புவியீர்ப்பு முடுக்கத்தில் 20 சதவீதம் பிழை வந்துவிடும். இருபது அலைவுக்கு அளந்து இருபதால் வகுத்தால் அதே பிசகு ஒரு சதவீதமாகச் சுருங்கும். அப்புறமும் முடுக்கம் 9.8 என்று வரவில்லையா? நூலின் நீளத்தை எடையின் மேல்முனை வரைதான் அளந்தீர்களா, நடுப்புள்ளி வரையா என்று பாருங்கள். பலரும் சறுக்கும் இடம் அது.

கணக்கு மெதுவாக வருவது தடையில்லை. வராமலே விடுவதுதான் தடை. நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம் இரண்டையும் கைப்பழக்கமாகும் வரை போட்டுப் பாருங்கள். கூடவே பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதவும் பழகுங்கள். சோதனையோ கோட்பாடோ, இன்று அது இல்லாமல் நகராது.

சரி, படிப்பு. இளநிலை, முதுநிலை, பிறகு முனைவர் பட்டம். ஆராய்ச்சிக்கு மட்டுமே பெரும்பாலும் நான்கு முதல் ஆறு ஆண்டு பிடிக்கும். அதற்குப் பின்னும் சில வருடம் தற்காலிக வேலைதான். நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் குறைவு. இதை மறைத்து உங்களை உற்சாகப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சையில் அளவைக் கணக்கிடுவதும் இயற்பியலாளர்தான். சிப் தயாரிப்பிலும் வானிலைக் கணிப்பிலும் இவர்களுக்கு வேலை உண்டு.

முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் நாள் வரும்போது, அவருடைய புகழை மட்டும் பார்க்காதீர்கள். அவரிடம் படிக்கும் மாணவர்களைத் தனியே சந்தித்து, சோதனை சொதப்பிய நாளில் அவர் எப்படி நடந்துகொள்வார் என்று கேளுங்கள்.