விசுவாசமான வீரரை விட்டுக்கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2018 ஜூலையில் எங்கள் டொராண்டோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணி, டிமார் டிரோசனை சான் அன்டோனியோவுக்கு அனுப்பிவிட்டு கவாய் லெனார்டை வாங்கியது. மறு ஆண்டே கோப்பை கிடைத்தது. ஆனாலும் டிரோசனின் பத்தாம் எண் ஜெர்சியை என் மகன் இன்னும் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறான்; என் கணவரோ அணி செய்தது நூற்றுக்கு நூறு சரி என்கிறார். அணியே கதி என்றிருந்தவரை இப்படி அனுப்புவது முறையா?
– வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: நானும் உங்கள் கணவர் கட்சிதான், மதிப்பெண்ணை மட்டும் கொஞ்சம் குறைத்துப் போடுவேன்.

முந்தைய நட்சத்திரங்களான வின்ஸ் கார்ட்டரும் கிறிஸ் பாஷும் விட்டுப்போன ஊரில், கலிஃபோர்னியாக்காரரான டிரோசன், 2016-இல் ஒப்பந்தம் முடிந்து எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்றிருந்த வேளையிலும், வேறெந்த அணியோடும் பேச்சுக்கே உட்காராமல், ஐந்தாண்டுகளுக்கு 13.9 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். ஆனால் அந்தத் தொகையே அணியின் கையையும் கட்டிப்போட்டது. சம்பளத்துக்கு வரம்பு வைத்திருக்கும் என்.பி.ஏ. லீகில், ஏறக்குறைய சமமான சம்பளக்காரரைக் கொடுத்தால்தான் பெரிய வீரர் கைக்கு வருவார் என்பதால், டிரோசனை வைத்துக்கொண்டே லெனார்டையும் சேர்த்துக்கொள்வது நடக்கிற காரியமாக இல்லை.

அவரை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதும் அதற்குள் தெரிந்துவிட்டது. 2016, 2017, 2018 என மூன்று ஆண்டுகளும், லீக் ஆட்டங்களுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் தொடர்களில், கிளீவ்லாந்திடமே தோல்வி. பின்னிரண்டு தொடர்களில் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. 2018-இல் 82 ஆட்டங்களில் 59-ஐ வென்று லீகின் கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்த அதே அணிதான், கிளீவ்லாந்துக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் எட்டே புள்ளி எடுத்திருந்த டிரோசனைக் கடைசிக் கால்பகுதி முழுவதும் பெஞ்சில் உட்கார வைத்தது. நட்சத்திர வீரர் வெளியே இருக்கும்போதுதான் ஆட்டத்தை மீட்க முடியும் என்று பயிற்சியாளரே நினைத்துவிட்டால், நிர்வாகம் அதற்குமேல் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

கிளீவ்லாந்தின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ்தான் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டாரே, டிரோசனோடு இன்னொரு முறை முயன்றிருக்கலாமே என்று உங்கள் மகன் கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் 2019 கிழக்குப் பிரிவு இறுதித் தொடரில் மில்வாக்கியிடம் 0-2 எனப் பின்தங்கிய பிறகு, அந்த அணியின் நட்சத்திரம் யானிஸ் அன்டெட்டோகும்போவைக் காவல் காக்கும் பொறுப்பை லெனார்ட் ஏற்றுக்கொண்டார். அடுத்த நான்கு ஆட்டங்களையும் ராப்டர்ஸ் வென்றது. அந்தத் தடுப்பு வேலை டிரோசனுக்கு ஒருபோதும் கைவந்ததில்லை.

மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணம் வேறு. தன்னை மாற்றப்போவதில்லை என்று அந்தக் கோடையில் நிர்வாகம் சொன்னதாக டிரோசன் பிறகு வருத்தத்தோடு கூறினார். பேச்சில் இடைவெளி நேர்ந்ததென்று அப்போது அணி நிர்வாகத்தின் தலைவராக இருந்த மசாய் உஜிரி வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். சம்மதம் கேட்க விதி அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. எட்டு ஆண்டுகள் லீகில் ஆடி, அதில் நான்கையாவது அதே அணியில் கழித்தவர்தான் புதிய ஒப்பந்தத்தில் தன் சம்மதமில்லாமல் மாற்றக் கூடாது என்ற பரிமாற்றத் தடைக்கு இடம் கேட்க முடியும். 2016-இல் டிரோசன் முடித்திருந்தது ஏழு ஆண்டுகள். விதி காக்காத ஒருவரிடம், 'உங்களைப் பற்றியும் பேச்சு நடக்கிறது, மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்' என்று முன்கூட்டிச் சொல்வதற்கு ஒரு டாலர் செலவில்லை. அதைச் செய்யாததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: அப்படியானால் டாலஸ் அணி லூக்கா டோன்சிச்சை அனுப்பியதும் சரிதானா?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை. எட்ட வேண்டிய உயரத்தை எட்டிவிட்ட வீரரை மாற்றுவது ஒன்று. இன்னும் ஏறிக்கொண்டிருப்பவரை மாற்றுவது வேறு. 2023-24 பருவத்தில் ஆட்டத்துக்கு 33.9 புள்ளி என லீகிலேயே முதலிடம் பிடித்து, அணியை இறுதித் தொடர்வரை கொண்டுபோன டோன்சிச்சுக்கு, 2025 பிப்ரவரியில் அவரை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்கு அனுப்பியபோது 25 வயதுதான். பதிலுக்கு வந்த ஆண்டனி டேவிஸுக்கு 31. டாலஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டார். புதிய வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில், முதல் சுற்றுத் தேர்வுரிமையாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று. பல அணிகளைப் போட்டி போட வைத்து விலையை ஏற்றாமல், காதும் காதும் வைத்ததுபோல் முடித்த வியாபாரம் அது. முடிவெடுத்த பொது மேலாளர் நிகோ ஹாரிசன் அதே ஆண்டு நவம்பரில் பதவியை இழந்தார்.

கேள்வி: பழைய வீரர் எதிரணிச் சட்டையில் வந்தால் ரசிகர் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், மதுரை

பதில்: கைதட்டலாம், ஆட்டம் தொடங்கும்வரை. 2019 பிப்ரவரி 22 அன்று டிரோசன் சான் அன்டோனியோ சட்டையில் டொராண்டோ அரங்குக்குத் திரும்பியபோது, பெரிய திரையில் அவருடைய பழைய காட்சிகள் ஓட, கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. ஆட்டத்தின் கடைசி விநாடிகளில், சான் அன்டோனியோ ஒரு புள்ளி முன்னிலையில் இருக்க, பந்து அவர் கையிலிருந்தது. லெனார்ட் அதைத் தட்டிப் பறித்து ஓடிப்போய் வளையத்துக்குள் அறைந்தார். ராப்டர்ஸ் 120-117 என்று வென்றது. சற்று முன்னர் டிரோசனுக்காக எழுந்து நின்றவர்கள் மறுபடியும் எழுந்து நின்றார்கள்.