வயலில் கிடைத்த செப்புச் சிலையைப் புளி போட்டுத் துலக்காதீர்கள்

கிணறு வெட்டும்போது கிடைத்த ஒரு முழச் செப்புச் சிலையைப் புளி போட்டுத் துலக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம், தண்ணீர்கூடப் படக் கூடாது. கெட்டியாகப் படிந்த கரும்பச்சைக் களிம்புதான் சிலைக்குக் காவல். புளியின் அமிலம் அதைக் கரைத்தால், ஆபரணக் கோடுகளும் பீடத்தில் எழுத்து இருந்தால் அதுவும் சேர்ந்தே போய்விடும்.

கவலைப்பட வேண்டியது வெளிர்பச்சைப் புள்ளிகளுக்கு. அவை மாவு போல் உதிர்ந்தால் உள்ளே குளோரைடு உப்பு இருக்கிறது. ஈரக்காற்று பட்டால் அமிலம் ஊறி, செம்பைத் தொடர்ந்து அரிக்கும். ஒட்டிய மண்ணைச் சுரண்டாமல் நிழலில் உலர விட்டு, பருத்தித் துணியில் சுற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வையுங்கள். தூக்கும்போது பீடத்தைத் தாங்குங்கள். கையைப் பிடித்தால் மணிக்கட்டில் ஒடியும்.

அடுத்தது தாமதிக்கக் கூடாதது. 1878 புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: பொருள், தோராய மதிப்பு, இடம், நாள். மறைத்தால், கண்டெடுத்தவர் என்ற முறையில் புதையலில் உங்களுக்கு வர வேண்டிய பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. கிடைத்த ஆழத்தையும், கூட வந்த பானை ஓடுகளையும் குறித்துக் கொடுங்கள். அருங்காட்சியகத்தார் காலம் கணிக்க அதுவும் உதவும்.